மார்கழிக்கு ஒரு படிவம்

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. சிலருக்குச் சாமி, எனக்கு இது. கல்லூரி முதலாண்டில் விடுதி விண்ணப்பத்தில் ‘தந்தையின் அலுவலக முகவரி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா உயிரோடு இல்லை. இருந்தபோதும் அவருக்கு அலுவலகம் இல்லை. அதனால் விட்டுவிட்டேன். ‘முழுமையற்றது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டு முழுக்க இரண்டு பேருந்து மாறி, நின்றுகொண்டே போய்ப் படித்தேன். அதற்குப் பிறகு ‘பொருந்தாது’ என்றாவது எழுதிவிடுவேன். எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும்.

ஆனால் செம்பியன்கோட்டைக்குள் போக அனுமதி கேட்கும் படிவத்தின் பதினோராவது கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதக் கை வரவில்லை. ‘நகரத்துடன் குடும்பத்திற்குள்ள ஆவணப்பூர்வ உறவு’ என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: ‘உள்ளே விடவில்லை.’

என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்த முகுந்தன், வாயிலிருந்த மோரைச் சிரிப்பில் மேசையெல்லாம் துப்பினான்.

"இதையா எழுதுவ? அவங்க கேக்குறது கல்வெட்டு, செப்பேடு, அந்த மாதிரி."

"எங்க வீட்டுல செம்புன்னு இருந்தது ஒரே ஒரு குடம். அதுவும் ஓட்டை."

"அப்ப ‘பொருந்தாது’ன்னு போடு."

"பொருந்தும்டா. நல்லாப் பொருந்தும். வாசல்லயே நிறுத்துறதும் ஒரு உறவுதானே."

"கோவத்துல உன் காது ஆடுது, தெரியுமா?"

"ஆடட்டும். நீ மேசையைத் துடை."

நானும் அவனும் சென்னையில் வெப்ப எச்சரிக்கை மையத்தில் வேலை பார்க்கிறோம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று அறிவிப்பது எங்கள் பணி. டிசம்பரிலும் ஓய்வு கிடையாது. எனக்கு வயது இருபத்தாறு. மார்கழி என்பது நாட்காட்டியில் ஒரு பெயர், அவ்வளவுதான். காதலிக்கத் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் பதினான்கு மாதத்தில் வெளியே கை கோத்து நடந்த நேரத்தைக் கூட்டினால் கால் மணி தேறாது. இரண்டே நிமிடத்தில் வியர்வையில் கை வழுக்கி விலகிவிடும். கை கோத்தபடி அரை மணி நேரம் நடக்க வேண்டும்: எங்கள் காதலின் மொத்த லட்சியமே இதுதான். சிரிக்க வேண்டாம். உங்களுக்கு வாய்த்திருந்தால் அதிர்ஷ்டம்.

தமிழ்நாட்டில் குளிர் மிச்சமிருக்கும் ஒரே ஊர் செம்பியன்கோட்டை. ஐந்நூறு வருடப் பழைய நகரம். வெயிலில் அதன் சுவரோவியங்கள் உரிய ஆரம்பித்தபோது, ஊர் மொத்தத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளிர்க்கூரை போட்டுவிட்டார்கள். மார்கழியில் உள்ளே பகலில் பதினைந்து டிகிரி, விடியலில் அதில் பாதி. விடியலில் பனி இறங்குமாம். பேசினால் வாயிலிருந்து புகை வருமாம்.

அந்தப் புகைக்காகவே நான் பைத்தியமாகத் திரிந்தேன்.

திட்டம் போடுவதே திருவிழாவாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ரயில். அன்று கோட்டைக்கு வெளியே தங்கல். சனி, ஞாயிறு கோட்டைக்குள். மதில் மேல் நடை, தெப்பக்குளத்தில் கால் நனைப்பு, மண் அடுப்பு டீ. "உன் மூக்கு சிவக்கும், அதைப் பாக்கணும். என் மூக்கு சிவக்காது, அது கறுப்பு மூக்கு" என்றேன். "கறுப்பு மூக்குல பனித்துளி நின்னா இன்னும் அழகு" என்றான். இப்படியெல்லாம் பேசுகிறவனை என்ன செய்வது? கம்பளிச் சட்டை விற்கும் கடை சென்னையில் ஒன்றுகூட இல்லை. அவன் நாடகத்துக்கு உடை வாடகைக்குத் தரும் கடையில் தேடி, இரண்டு குரங்குக் குல்லா வாங்கி வந்தான். ஊதா நிறம், உச்சியில் பந்து.

"காதலியைக் குரங்குக் குல்லாவுல பாக்க ஆசைப்படுற ஒரே ஆம்பள நீதான்."

"போட்டுக் காட்டு."

"இங்க போட்டா மயக்கம் போட்டு விழுவேன்."

அதற்கும் வழி கண்டுபிடித்தான். எங்கள் அலுவலகத்தில் கணினிச் சேமிப்பு அறை மட்டும் பதினெட்டு டிகிரியில் இருக்கும். மதிய இடைவேளையில் இருவரும் அங்கே நுழைந்து குல்லா மாட்டிக்கொண்டு, இரும்பு அலமாரிகளுக்கு நடுவே கை கோத்து ஒத்திகை நடந்தோம். போக எட்டு அடி, வர எட்டு அடி. "இது கிழக்கு வீதி," என்பான். திரும்பினால், "இது தெப்பக்குளம், வழுக்கும், பாத்து வா." வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்ததில்லை.

முடிவு வந்தது. முகுந்தனுக்கு ஐம்பத்திரண்டு மணி நேரம். எனக்கு நாற்பது நிமிடம்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன்.

"வணக்கம், கோட்டைக் காப்புக் கழகம். ஜெபராஜ் பேசறேன்."

"எனக்கு நாப்பது நிமிஷம். என்கூட வர்றவருக்கு அம்பத்திரெண்டு மணி நேரம். ஏன்?"

"அது வந்து மேடம், மூச்சுக்காத்துல ஈரம் இருக்குங்க. ஈரம் பட்டா ஓவியம் உரியுது. அதனால ஒரு நாளைக்கு இத்தனை மூச்சுதான்னு அளவு வச்சு, ஊரோட எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு உறவோ அவ்வளவு நேரம் பங்கு போட்டிருக்காங்க."

"உறவுன்னா?"

"கல்வெட்டுல, ஓலையில பேரு இருந்தா உறவு."

"பேரு எழுதப்படாதவங்க?"

"அவங்களுக்குப் பொதுப்பிரிவு. கருணை அடிப்படையில நாப்பது நிமிஷம்."

"என்ன அடிப்படை?"

"அச்சடிச்சதைத்தான் மேடம் படிக்கிறேன். நான் எழுதல."

"உங்களுக்கு எவ்வளவு?"

"எனக்கும் நாப்பது நிமிஷந்தான். வாசல் டூட்டியும் பாக்கறேன். ஆறு வருஷமா வாசல்."

அவரைத் திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளை முகுந்தனுக்காகப் பத்திரப்படுத்தினேன். அவனும் தாமதிக்காமல் வந்து வாங்கிக்கொண்டான்.

"ஒரு வழி இருக்கு சுடர். குடும்ப இணைப்புன்னு ஒரு படிவம். அப்பா கையெழுத்துப் போட்டா நீ எங்க வீட்டுப் பட்டியல்ல வந்துடுவ. என் நேரம் உனக்கும் கிடைக்கும்."

கோட்டையின் வடக்கு மண்டபத் தூணில் அவன் மூதாதை ஒருவரின் பெயர் இருக்கிறது. அந்த மண்டபத்தைக் கட்டியவர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தத் தூணின் படம்கூட மாட்டியிருக்கிறது.

"பட்டியல்ல என்னை என்னன்னு போடுவாங்க?"

"‘சார்ந்தவர்’னு."

"ஆடு மாடெல்லாம் அதே பட்டியல்லயா, வேற பக்கமா?"

"ஒரு பேருதானே. வெறும் படிவம்."

"வெறும் படிவம்னு சொல்றவனுக்கு வாழ்க்கையில ஒரு படிவம்கூட திரும்பி வந்திருக்காது. நான் உங்க வீட்டுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வர மாட்டேன் முகுந்த். உன்கூட வரணும். அவ்வளவுதான்."

"அப்ப நாப்பது நிமிஷம்?"

"நாப்பது நிமிஷம். அதுல முப்பது கை கோத்து நடை, பத்து டீ. நீ மிச்சத்தை உங்க தாத்தா தூணோட கழிச்சுக்கோ."

அவன் முகம் சுருங்கியது. அன்று சேமிப்பு அறைக்குப் போகவில்லை.

இந்த நிலையில்தான் இரண்டு பெரிய குடும்பங்கள் எனக்கு உதவி செய்தன. அவர்களுக்கு அது தெரியாது. அதே வடக்கு மண்டபத்தைக் கட்டியது தங்கள் பாட்டன்தான் என்று முகுந்தன் குடும்பமும் இன்னொரு குடும்பமும் பல வருடமாகச் சண்டை. பெயர் கொஞ்சம் சிதைந்திருக்கிறதாம். கல்லையே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. விண்ணப்பத்தோடு எல்லோரும் மரபணுச் சோதனைக்காகக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒற்றி அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி. அந்த எச்சிலை ஊர் முழுக்க எடுத்த காரையோடும் கல்லோடும் ஒப்பிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை எனக்குச் செய்தி வந்தது. மூன்று முறை படித்தேன்.

‘சுடர்க்கொடி. வகை: வேலையாள். நேரம்: வரம்பு இல்லை. வாசல்: கிழக்குத் திட்டிவாசல், காலை 5.30. ஒரு கையாள் உடன் வரலாம். வேலைச் சாமான் கட்டாயம்.’

ஜெபராஜை அழைத்தேன். என் குரலைக் கேட்டதுமே சிரித்தார்.

"எதிர்பார்த்தேங்க மேடம்."

"என்ன நடந்துச்சு?"

"பெரிய வேடிக்கைங்க. கல்வெட்டுல பேரு இருக்கு, கல்லுல ஆள் இல்ல. பேரு வெட்டிக்கிட்டவங்க ஒருத்தரும் அந்தக் கல்லைத் தொடவே இல்ல போல. சுண்ணாம்பை மிதிச்சு, குழைச்சு, சுமந்தவங்களோட வேர்வை, எச்சில், நசுங்கின விரலோட ரத்தம், எல்லாம் காரைக்குள்ள போய் இறுகிடுச்சு. ஊர் மொத்தமும் அவங்கதான். உங்க பஞ்சு நூத்திப்பதினாலு இடத்துல பொருந்துதுங்க."

"நூத்திப்பதினாலா?"

"தெப்பக்குளத்துப் படி மட்டும் இருபத்தொம்பது."

நான் எங்கே நிற்கிறேன் என்று மறந்து அலுவலக நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரிக்க முடியவில்லை. ஒரே டம்ளரில் இரண்டையும் கலக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

"உள்ள போய் வேலை செய்யணுமா?"

"வேலையெல்லாம் இல்லீங்க. பழைய மராமத்து விதியை அப்படியே கணினியில ஏத்திட்டாங்க. வேலையாள்னா கையில சாமான் இருக்கணும், திட்டிவாசல்ல வரணும். மாத்தச் சொல்லி எழுதியிருக்கோம். மாத்த ரெண்டு வருஷம் ஆகும்."

முகுந்தனுக்கும் செய்தி வந்திருந்தது. ‘கல்லில் பொருத்தம் இல்லை. பொதுப்பிரிவு: 40 நிமிடம்.’

அவன் மேசைக்குப் போய் என் செய்தியை நீட்டினேன். ‘ஒரு கையாள் உடன் வரலாம்’ என்ற வரியில் அவன் கண் நின்றது.

"கையாளா?"

"கையாள். சித்தாளுக்கும் கீழ. எடுத்துக் கொடுக்குறவன்."

"அப்பா கேட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"ஒரு பேருதானே," என்றேன். "வெறும் படிவம்."

அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். வியாழக்கிழமையும் அப்படித்தான். தெருக்களுக்கு வெப்ப எச்சரிக்கை அனுப்பினான், மதியம் சாப்பிட்டான், என்னைப் பார்த்தால் குனிந்துகொண்டான். நான் அவனை எப்படிப் பிரிவது என்று வசனம் தயாரித்தேன். நல்ல வசனம், காதெல்லாம் ஆடியது.

வெள்ளி காலை அம்மா என் பையைத் திறந்து, அதிலிருந்த இரட்டைப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செல்வராணி, முப்பது வருடம் சித்தாள். உள்ளங்கையில் சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற இடத்தில் ரேகை கிடையாது. ரேகை வைக்கச் சொல்லும் எந்த இயந்திரமும் அவளை ஒப்புக்கொண்டதில்லை.

"ஆபீசு ட்ரெயினிங்குனு சொன்னே."

"ஆமாம்மா."

"ட்ரெயினிங்குல ரெண்டு பேருக்கு ஒரே போர்வைதான் குடுப்பாங்களா?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அந்தச் செவத்த புள்ளையா?"

"வர மாட்டான்மா. நான் மட்டும்தான் போறேன்." எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு, பங்கு, எச்சில், நூற்றுப்பதினான்கு. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வேறு இடத்தில் வந்தது.

"மூச்சு வுட்டா செவுரு கெடுதாமா? சுண்ணாம்புச் செவுரு காத்து குடிச்சாதான்டி இறுகும். ஆளு நடமாட்டம் இல்லாத வூடு எது நின்னுருக்கு? எவன் சொன்னான் இவனுங்களுக்கு?"

"ஓவியம் உரியுதாம்மா."

"ஓவியத்துக்கு மட்டும் மூடி போடச் சொல்லு. ஊருக்கே மூடி போட்டு வச்சிருக்கானுங்க, ஊறுகாய் மாரி."

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். முகுந்தன். தலையில் ஊதாக் குரங்குக் குல்லா. வெளியே முப்பத்தேழு டிகிரி. வியர்வை தாடை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

"அத்தை, சட்டி வேணும்," என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"எதுக்குப்பா சட்டி?"

"வேலைச் சாமான் இல்லாம உள்ள விட மாட்டாங்க. நான் இவங்களோட கையாள்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு நாளா அதைத்தான் பேசிட்டு இருந்தேன். தூண் படத்தைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டார். என்கூடப் பேசல." பிறகு என் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு வெறும் படிவம்னு சொன்னது தப்பு. ‘கையாள்’னு பார்த்ததும் எனக்கே அவமானமா இருந்துச்சு. அப்பதான் உனக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுது."

தயாரித்த வசனம் மொத்தமும் வீண்.

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து, கலவை சுமக்கும் தன் இரும்புச் சட்டியை இழுத்தாள். "தலையில வச்சுக் காட்டு பாப்போம்." அவன் வைத்தான். ஆடியது. "கழுத்தைக் கோழி மாரி நீட்டாத. நேரா நில்லு. ம், பரவால்ல. மேஸ்திரி கிட்ட ஏச்சு வாங்குற அளவுக்குத் தேறிட்ட."

போர்வையையும் முறுக்குப் பொட்டலத்தையும் சட்டிக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினோம். வழியெல்லாம் பயணிகள் எங்களைக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்றே நினைத்தார்கள். குல்லாவைப் பார்த்தபிறகு என்ன நினைத்தார்களோ.

சனி விடியலில் கிழக்கு வாசல். யானை போகும் உயரத்துக்குப் பெரிய கதவு. அதன் ஒரு மூலையில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் திட்டிவாசல். பக்கத்தில் ஒரு மேசை. மெலிந்த, நரைத்த மனிதர் எழுந்து நின்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"வாங்க மேடம். சாமானைப் பாத்துடறேன்." ஜெபராஜ் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, முறுக்கை நகர்த்தி, முகம் மாறாமல் ‘சரி’ என்று குறித்தார். "இதுதான் கையாளா?"

"இன்னும் பழகல. போகப் போகச் சரியாயிடுவான்."

"குனிஞ்சு போகணும் தம்பி. குல்லாப் பந்து மாட்டிக்கும்."

ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினார். பெயர், வாசல், சாமான், கையாள். மளமளவென்று எழுதினேன். கடைசிக் கட்டம்: ‘குழு வெளியேறிய நேரம்.’

"ஞாயிறு சாயங்காலம் ஆறு," என்று சொல்லிக்கொண்டே பேனாவைக் கொண்டுபோனேன்.

"மேடம், ஒரு நிமிஷம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஏன் வரம்பில்லைன்னு கேட்டீங்களா?"

"வேலையாள் வகை. அதனால."

"இல்லீங்க. உள்ள வேலைக்குப் போனவங்களைப் பழைய ஓலையில தலை எண்ணி வச்சிருக்காங்க. இன்ன ஊர்ச் சனம், இத்தனை பேர் உள்ளன்னு. வெளிய வந்ததை ஒருத்தரும் எழுதல. செத்ததையும் எழுதல, வீட்டுக்குப் போனதையும் எழுதல. கணினிக்கு அதெல்லாம் தெரியாதுங்களே. உங்க குழு இன்னும் உள்ளயே வேலை பாத்துட்டு இருக்குன்னு நினைக்குது. ஐந்நூறு வருஷமா. அதான் உங்க நேரம் முடியவே இல்ல."

முகுந்தன் சட்டியைத் தலையிலிருந்து இறக்கினான்.

"இதுல நேரம் எழுதினா?" என்று கேட்டேன்.

"குழு வெளியேறிட்டுதுன்னு பதிஞ்சுரும். திங்கக்கிழமைலேர்ந்து உங்களுக்கும் நாப்பது நிமிஷம். உங்களோட பொருந்துற எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"உங்கம்மா. உங்க தெரு. இந்தப் பக்கத்துலேர்ந்து பொழைக்கப் போனவங்க மொத்தமும்." அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "போன வாரம் நானும் பஞ்சு ஒத்திக் குடுத்தேங்க. எழுபத்தோரு இடம்."

பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. என் கை எழுதத் துடித்தது, பழக்கம் அப்படி. விடுதியிலிருந்து திரும்பி வந்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. ‘முழுமையற்றது.’

"இதைக் காலியா விட்டா உங்களுக்குப் பிரச்சினை வருமா?"

"முழுமையற்றதுன்னு முத்திரை குத்தி, உள்ள இருக்கற அலமாரியில வைப்பேன். உங்க குழுவோட கணக்கு ஐந்நூறு வருஷமா முடியாம அங்கதான் இருக்கு."

பேனாவை மூடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்தே, ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

முகுந்தன் சட்டியைத் திரும்பத் தலையில் ஏற்றினான், கழுத்து நேராக. திட்டிவாசலில் முழங்காலை மடக்கி, பந்து மாட்டாமல் உள்ளே போனான். பின்னாலேயே நான். குளிர் முகத்தில் அறைந்தது. பல் தந்தியடித்தது. வீதி முழுக்கப் பனி. இரண்டு பக்கமும் சுவர்கள் ஈரமாக, அமைதியாக நின்றன. ஆள் இருக்கிற வீடு மாதிரி.

"மேஸ்திரி, எந்தப் பக்கம்?" என்றான். அவன் வாயிலிருந்து புகை வந்தது. மூக்கு சிவந்திருந்தது.

"தெப்பக்குளம்," என்றேன். "எங்க படி இருபத்தொம்பது இருக்கு. எல்லாத்துலயும் உக்காரணும்."

ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினான். கோத்துக்கொண்டேன். அரை மணி ஆயிற்றா, ஒரு மணி ஆயிற்றா, தெரியாது. கை வழுக்கவே இல்லை.